கஞ்சியின் தாடை

அவளுக்கு வீட்டில் ஒழுங்கான பெயர் ஒன்று வைத்திருந்தார்கள். ஆனால் அவள் சிரித்தால் வெண்கலக் கடை சரிந்து விழுவது போலிருக்கிறது என்று அண்ணி ஒருநாள் சொல்லப்போக, அன்றிலிருந்து வெங்கலம் ஆகிவிட்டாள். அண்ணன் அப்படித்தான் கூப்பிட்டான். அவள் வேலை பார்த்த ஜெராக்ஸ் கடை முதலாளியும் அப்படித்தான் கூப்பிட்டார். விருந்துகளுக்குப் பரிமாற ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரம்மாகூட அந்தப் பெயரைத்தான் போனில் பதிந்து வைத்திருந்தாள்.

விருந்துக்கு முந்தின நாள் அவள்தான் போன் செய்தாள்.

"இங்க பாரு வெங்கலம், வேலையில உன்மேல ஒரு குறையும் இல்ல. தட்டு வைக்கிறது, எடுக்குறது எல்லாம் சுத்தம். ஆனா அந்த நிச்சயதார்த்தத்துல சிரிச்சே. அப்புறம் அந்த கம்பெனி விழாவுலயும் சிரிச்சே."

"அக்கா, அந்த முதலாளி மைக்கை அணைக்காமலே 'சாப்பாடு எப்பய்யா போடுவீங்க'ன்னு கேட்டாருக்கா."

"கேக்கட்டுமே! அது அவரு வீட்டுச் சாப்பாடு, அவரு மைக்கு. நமக்கு என்ன? நாளைக்கு மதியம் பல் டாக்டர் ஒருத்தர் ஓய்வு பெறுறாரு, பெரிய விருந்து. அங்க மேற்பார்வை பாக்குற கஞ்சி சாரைக் கெஞ்சிக் கூத்தாடி உன்னைச் சேர்த்திருக்கேன். இதுலயும் சத்தம் வந்துச்சு, இனிமே நான் கூப்பிட மாட்டேன். அக்காமேல கோச்சுக்காதே."

வெங்கலம் கோபித்துக்கொள்ளவில்லை. போனை வைத்துவிட்டு வெகுநேரம் ஜெராக்ஸ் இயந்திரத்தின் பச்சை வெளிச்சம் போய்ப் போய் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிடவில்லையென்றால் குடி ஒன்றும் முழுகிவிடாது. சாப்பாட்டுக்குக் கடைச் சம்பளம் இருக்கிறது. ஆனாலும் அந்த வேலையை விட அவளுக்கு மனமில்லை.

காரணத்தை அவள் யாரிடமும் சொன்னதில்லை, சொன்னால் சிரிப்பார்கள். பிறந்ததிலிருந்து 'மெல்லப் பேசு, மெல்லச் சிரி' என்று கேட்டே வளர்ந்தவளுக்கு, அந்த வேலையில் இருக்கும் அமைதி பிடித்திருந்தது. வீட்டில் அவளை அடக்குவார்கள். அடக்கினால் வருவது அமைதி இல்லை, வெறும் வாய்ப்பூட்டு. விருந்து மண்டபத்தில் கதை வேறு. முன்பின் தெரியாத பத்துப் பன்னிரண்டு பேர், பேச்சு மூச்சு இல்லாமல் ஒரே காலாக நடந்து, மேசைகளைச் சுற்றி நின்று, ஒரே நொடியில் தட்டுகளை இறக்குவார்கள். துணியில் பீங்கான் படுகிற சத்தம்கூடக் கேட்காது. அந்த நொடியில் அவளுக்குள் இருக்கிற சந்தைக்கடை முழுவதும் ஓய்ந்து போகும். எத்தனை பேருக்கு நடுவில் அப்படி ஓய்ந்து போக முடியும்?

மறுநாள் காலை அண்ணன் அவளுடைய கறுப்புக் கால்சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தான். அண்ணி அவள் கொண்டையில் ஊசி குத்திக்கொண்டே புத்தி சொன்னாள்.

"சிரிப்பு வந்தா உங்க அண்ணன் மூஞ்சியை நினைச்சுக்கோ. தானா அழுகை வந்துடும்."

"என் மூஞ்சியைப் பார்த்துத்தானே இந்த வீட்டுல எல்லாரும் சிரிக்கிறீங்க" என்றான் அண்ணன், இஸ்திரிப் பெட்டியிலிருந்து தலையைத் தூக்காமல். வெங்கலம் சிரித்தாள். கொண்டை அவிழ்ந்து விழுந்தது. அண்ணி தலையில் அடித்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

மண்டபத்துக்குப் பின்னால், சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே நீளமான நடை ஒன்று இருந்தது. அங்கேதான் ஆட்களை வரிசையாக நிற்கவைத்து கஞ்சி பார்வையிட்டார். சட்டை எப்போதும் கஞ்சி போட்டு விறைப்பாக நிற்கும் என்பதால் வந்த பெயர். சட்டைக்குள் இருக்கும் ஆளும் அப்படித்தான் என்பது ஆட்களின் அபிப்பிராயம். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. பல்லே கிடையாது என்று ஒரு கட்சி, பல் உண்டு, பூட்டி வைத்திருக்கிறார் என்று இன்னொரு கட்சி.

நகங்களைப் பார்த்தார். காலணிகளைப் பார்த்தார். தையற்கார அக்கா ஒருத்தியின் அருகில் மூக்கை உறிஞ்சி, "சென்ட்டா? கழுவிட்டு வாங்க. சாப்பிடுறவங்களுக்கு மீன் வாசனை வரணும், உங்க வாசனை வரக் கூடாது" என்றார். அவள் குழாயடிக்கு ஓடினாள்.

பிறகு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பேசினார்.

"நாம எல்லாரும் ஒருநாள் ஆளுங்க. அது நமக்குத் தெரிஞ்சாப் போதும், வந்தவங்களுக்குத் தெரியக் கூடாது. அவங்களுக்கு நாம காலங்காலமா இங்கயே நிக்கிற ஆளு. கழிப்பறை எங்கன்னு கேட்டா முழிக்காதீங்க, இப்பவே போய்ப் பார்த்துட்டு வந்துடுங்க. 'அது என் மேசை இல்ல'ங்கற வார்த்தை வாயில வரக் கூடாது. இதுல கடலை இருக்கா, முட்டை இருக்கான்னு யாராவது கேட்டா, இருக்காதுன்னு நீங்களா சொல்லிடாதீங்க. ஒருத்தர் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். 'கேட்டுட்டு வர்றேன்'னு சொல்லி, உள்ள வந்து கேளுங்க. சுவத்துல சாயாதீங்க, சுவர் தானா நிக்கும். அப்புறம் காது."

இங்கே வெங்கலத்தைப் பார்த்தார்.

"என்ன வேணும்னு கேக்குறதுக்கு ஒரு காது. கதை கேக்குறதுக்கு இன்னொரு காது. அந்த ரெண்டாவது காதை உங்க பையோட சேர்த்து வச்சுப் பூட்டிட்டு வாங்க."

"சாவி யாருகிட்ட சார் கொடுக்கணும்?" என்றார் கண்டக்டர். வார நாட்களில் பஸ்ஸில் டிக்கெட் கிழிப்பவர். ஓய்வு நாளில் இங்கே வருவார். நடை முழுக்க அடங்கின சிரிப்பு ஓடியது. வெங்கலம் கன்னத்தின் உட்புறத்தைக் கடித்துக்கொண்டாள். கஞ்சியின் முகத்தில் ஒரு கோடுகூட அசையவில்லை.

"ரெண்டு வரிசை. இடது கதவு, வலது கதவு. கண்டக்டர் வலது வரிசைக்கு முதல் ஆள். இடது வரிசைக்கு..." கொஞ்சம் யோசித்தார். "வெங்கலம், நீ நில்லும்மா. என் கண்ணு முன்னாலயே இரு. நான் தூணுக்குப் பக்கத்துல நிப்பேன். என் தாடை ஒரு தடவை இறங்கினா, கால் கிளம்பணும். யோசிக்கக் கூடாது. ரெண்டு வரிசையும் நடுவுல சந்திச்சு, மேசைக்குப் பிரியணும். இன்னொரு விஷயம். டாக்டரோட அண்ணன் பேசப்போறாரு. அவரு பேசி முடிக்கிற வரைக்கும் மேசையில ஒரு தட்டு விழக் கூடாது. ஸ்பூன் சத்தம் கேட்டா பேச்சை நிறுத்திடுவாராம். அப்புறம் தம்பியோட பேச்சுவார்த்தையே இருக்காதாம். டாக்டர் கையைப் பிடிச்சுக் கேட்டுக்கிட்டாரு."

டாக்டரின் அண்ணன் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். ஒல்லியாக, நெட்டையாக, ஸ்கேல் ஒன்றுக்குக் கோட்டு மாட்டியது போல மேடையேறினார். கூடத்தில் இருந்த பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள் போலிருக்கிறது. அவர் மைக்கைத் தட்டிப் பார்த்ததுமே, நரைத்த தலைக்காரர்கள், டாக்டர்கள், வக்கீல்கள் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஒருவர் அவசரமாக வாயிலிருந்த ரொட்டியை விழுங்கினார்.

வாத்தியார் தாளைப் பிரித்து, கணக்குச் சொல்லி எழுதவைக்கும் குரலில் வாசித்தார். தம்பி பிறந்த விவரம், படித்த விவரம், பட்டம் வாங்கிய விவரம். கடைசி வரி போலத் தெரிந்த ஒன்றை வாசித்துவிட்டுக் கண்ணாடியைச் சரிசெய்தார். கஞ்சி விரலை உயர்த்தினார்: தட்டை எடுங்கள். கதவுகளுக்கு வெளியே ஆளுக்கு இரண்டு தட்டு, மேலே பளபளக்கும் மூடியோடு, எடுத்துக்கொண்டார்கள்.

வாத்தியார் தாளைத் திருப்பினார். பின்பக்கமும் எழுதியிருந்தது.

"என் தம்பி தன் முதல் சிகிச்சையை என்மீதுதான் செய்தான்" என்று வாசித்தார். "ஆடிக்கொண்டிருந்த என் பல்லில் நூலின் ஒரு முனையைக் கட்டினான். மறுமுனையைக் கதவின் தாழ்ப்பாளில் கட்டினான். பிறகு கதவை ஓங்கிச் சாத்தினான்."

கூடம் மூச்சுவிடவில்லை.

"பல் வரவில்லை. தாழ்ப்பாள் வந்துவிட்டது."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்தால் எழுந்து நிற்கச் சொல்லிவிடுவாரோ என்று பயந்தார்களோ என்னவோ. முன்மேசையில் ஒரு பெண்மணி கைக்குட்டையால் வாயைப் பொத்தினாள். வெங்கலத்துக்குச் சிரிப்பு முட்டியது. நாக்கைக் கடித்தாள். பூட்டி வைத்த காது பூட்டை உடைத்துக்கொண்டு வந்துவிட்டது. அண்ணன் முகத்தை நினைத்தாள். அண்ணன் முகத்தில் தாழ்ப்பாள் தொங்கியது. நிலைமை மோசமானது.

"சத்தம் கேட்டு அப்பா வந்தார்" என்று வாத்தியார் அதே குரலில் தொடர்ந்தார். "என்ன நடந்தது என்று என்னைக் கேட்டார். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். தாழ்ப்பாள் ஆடியது."

வெங்கலம் ஏந்தியிருந்த தட்டுகளின் மூடிகள் கிலுங்கிவிடும் போலிருந்தது. எங்கேயாவது பிடித்துக்கொள்ள வேண்டும். இந்த உலகத்தில் அசையாத ஒரு பொருளைப் பார்க்க வேண்டும். தூண் பக்கம் கண்ணைத் திருப்பி, கஞ்சியைப் பார்த்தாள்.

கஞ்சியின் காது சிவந்திருந்தது. கழுத்துப் பட்டையில் ஒரு நடுக்கம். மூக்கின் இரண்டு துவாரங்களும் விரிந்து, சுருங்கி, விரிந்தன. உதடுகளை உள்ளே மடித்து வைத்திருந்தார். அவள் அந்த முகத்தை இதற்குமுன் கண்ணாடியில்தான் பார்த்திருக்கிறாள். அது அவளுடைய சொந்த முகம். அடக்கினால் சிரிப்பு எங்கே போகும் என்பது அவளுக்குத் தெரியாதா? தொண்டையில் அடைத்தால் தோளுக்குப் போகும், தோளில் அடைத்தால் கழுத்துக்கு.

கஞ்சியின் தாடை சட்டென்று ஒருமுறை இறங்கியது.

வலது கதவில் கண்டக்டரின் கால் கிளம்பிவிட்டது. இத்தனை தூரத்திலிருந்து பார்த்தால் தாடை தாடைதான். அது தலையாட்டலா, சிரிப்பை அடக்கிய ஆட்டமா என்று யாருக்குத் தெரியும்? அவர் பின்னால் தையற்கார அக்கா, அவள் பின்னால் மற்றவர்கள், நிமிர்ந்த முதுகும் ஏந்திய தட்டுமாகக் கூடத்துக்குள் அடியெடுத்து வைத்தார்கள். மேடையில் வாத்தியார் வாசித்துக்கொண்டுதான் இருந்தார்.

இது தப்பு என்று தெரிந்த ஒரே ஆள் வெங்கலம். நின்ற இடத்திலேயே நின்றிருக்கலாம். அவள்மேல் ஒரு சொல் வந்திருக்காது. ஆனால் கண்டக்டரின் வரிசை அந்தப் பெரிய கூடத்தில் ஒற்றைச் சிறகு போல நடந்து வருவதைப் பார்த்தபோது அவளால் நிற்க முடியவில்லை. ஒரு வரிசை மட்டும் வந்தால் அது தவறு என்று குழந்தைக்குக்கூடத் தெரிந்துவிடும். இரண்டும் வந்தால்?

கிளம்பினாள். பின்னால் அவளுடைய வரிசையும் கிளம்பியது.

மேடைக்கு முன்னால் இரண்டு வரிசைகளும் சந்திக்கும் இடம் நெருங்கியது. அங்கே பிரிந்து மேசைகளுக்குப் போனால் தட்டை இறக்க வேண்டும். இறக்கினால் முடிந்தது கதை. கண்டக்டருக்கு இப்போதுதான் விஷயம் உறைத்திருக்க வேண்டும். அவர் கண்கள் கடைசிப் பஸ்ஸைத் தவறவிட்டவன் கண்களைப் போல அவளைப் பார்த்தன. வெங்கலம் இமையை மட்டும் அசைத்தாள்: நிற்காதீங்க, நேரே போங்க. அவர் நேரே வந்தார். அவள் நேரே போனாள். இரண்டு வரிசைகளும் விரல் கோப்பது போல ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து, தோளோடு தோள் உரசாமல், அந்தப் பக்கம் வெளிவந்தன. மூடிகளில் விளக்குகள் மின்னி மின்னி ஓடின. சுவரோரமாகக் கூடத்தைச் சுற்றி, மெல்ல, காலடிச் சத்தமில்லாமல், எதிர்வரிசை வந்த கதவு வழியே வெளியேறத் தொடங்கினார்கள்.

வாத்தியார் வாசிப்பதை நிறுத்திவிட்டார். கண்ணாடிக்கு மேலாக வரிசைகளைப் பார்த்தார். முதல் மூடியிலிருந்து கடைசி மூடி வரை பார்த்தார். கூடத்தில் ஊசி விழுந்தால் கேட்டிருக்கும். வெங்கலம் நடையை மாற்றவில்லை.

"தம்பி" என்றார் வாத்தியார் மைக்கில், தாளில் இல்லாத குரலில். "சாப்பாடு என்னைப் பார்த்துட்டுத் திரும்பிப் போகுதுடா."

அவ்வளவுதான். அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் ஒன்றாக வெடித்தது. தாழ்ப்பாளுக்குச் சிரிக்காதவர்கள் அதற்கும் சேர்த்துச் சிரித்தார்கள். வக்கீல் ஒருவர் மேசையைக் குத்தினார். கைக்குட்டைப் பெண்மணி கைக்குட்டையைத் தூக்கி எறிந்தாள். பல் டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டே திரும்பிப் பார்த்தார். கூடம் முழுக்க ஒருவர் பாக்கியில்லாமல் வாயைத் திறந்திருந்தார்கள், அவர் திறக்கச் சொல்லாமலே.

நடையில் வந்து தட்டுகளைச் சூடு ஆறாமல் வைக்கும் வண்டியில் வைத்ததும் ஆட்கள் சரிந்தார்கள். கண்டக்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மூட்டையின்மேல் உட்கார்ந்தார். தையற்கார அக்காவுக்கு விக்கல் எடுத்தது. வெங்கலம் மட்டும் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"மூடியைத் திறக்காதீங்க, சூடு போயிடும். அந்தத் தட்டை நேரா வைங்கண்ணே, குழம்பு ஓரத்துல வழியுது."

"ஏய், நீ சிரிக்கலையா?" என்றாள் அக்கா, விக்கலுக்கு நடுவே.

அப்போதுதான் வெங்கலத்துக்கே அது தெரிந்தது. பதில் சொல்வதற்குள் மண்டபத்து மேனேஜரம்மா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"பேச்சு நடுவுல வரிசையைக் கிளப்பினது யாரு?"



"இடது வரிசைக்கு நான்தான் மேடம் முதல் ஆளு" என்றாள் வெங்கலம்.

"நீயா? ஏஜென்சியில சொன்னாங்க உன்னைப் பத்தி. சிரிக்கிற பொண்ணு. சிரிப்பை அடக்க முடியாம நடந்துட்டியாக்கும்? போய்ப் பையை எடு."

"அவ இல்ல மேடம்." கஞ்சி உள்ளே வந்திருந்தார். சட்டை காலர் ஒருபக்கம் மடங்கியிருந்தது. "நான்தான் தலையாட்டினேன்."

"பேச்சு முடியாமலா? நீங்களா?"

"சிரிச்சுட்டேன் மேடம். அடக்கினேன், தாடை இறங்கிடுச்சு."

மேனேஜரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "சார், ஆளைக் காப்பாத்தணும்னா கொஞ்சம் நம்புற மாதிரி பொய் சொல்லுங்க. நீங்க சிரிச்சீங்கன்னு நான் போய்ச் சொன்னா என்னைப் பார்த்துச் சிரிப்பாங்க."

"நிஜமா மேடம். அந்தத் தாழ்ப்பாள்..." என்று ஆரம்பித்தார் கஞ்சி. "அது வாயில... அப்பா கேட்டதும்..."

காது சிவந்தது. மூக்கு விரிந்தது. உதடுகளை உள்ளே மடித்தார். மடித்த உதடுகளுக்கு நடுவிலிருந்து எலிக்குஞ்சு கத்துவது போல 'கீச்' என்று ஒரு சத்தம் வந்தது. தாடை ஒருமுறை இறங்கியது.

கண்டக்டர் விசுக்கென்று எழுந்து இரண்டு தட்டுகளை எடுத்துக்கொண்டு கதவைப் பார்த்து நடந்தார். பின்னால் அக்கா. பின்னால் மற்றவர்கள்.

"எங்கய்யா போறீங்க!" என்று கத்தினாள் மேனேஜரம்மா. "நில்லுங்க!"

அதே நேரம் கூடத்திலிருந்து கைதட்டல் மழையாகக் கொட்டியது. வாத்தியார் முடித்துவிட்டார்.

வெங்கலம் பையைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள், தட்டை எடுத்துக்கொண்டு தன் கதவுக்கு ஓடினாள். இந்த முறை வரிசைகள் சந்தித்துப் பிரிந்தன. மேசைகளைச் சுற்றி நின்றன. எல்லாத் தட்டுகளும் ஒன்றாக இறங்கின. அவளுக்கு வாய்த்தது வாத்தியாரின் தட்டு. மூடியைத் தூக்கினாள்.

"நாப்பது வருஷம் பாடம் நடத்தினேன்" என்றார் அவர், அவளுக்கு மட்டும் கேட்கும்படி. "ஒரு பய சிரிச்சதில்ல. அந்த ஊர்வலம் உன் யோசனையாம்மா?"

சொல்லத்தான் ஆசையாக இருந்தது.

"மீன் நல்ல சூடா இருக்கு சார். பார்த்துச் சாப்பிடுங்க."

அவர் தலையாட்டி, முள்கரண்டியை எடுத்தார்.

திரும்பி வந்தபோது மேனேஜரம்மா சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். கண்மை கலைந்திருந்தது. கஞ்சி கைக்குட்டையால் முகத்தை ஒற்றிக்கொண்டிருந்தார்.

"இத்தனை வருஷமா இவருக்குப் பல்லே கிடையாதுன்னு நினைச்சிருந்தேன்" என்றாள் மேனேஜரம்மா, யாரிடம் என்றில்லாமல். "டாக்டர் ஆள் அனுப்பி நன்றி சொல்லியிருக்காரு. சரி, அடுத்து ஐஸ்கிரீம். அந்த வாத்தியாரு இன்னும் ரெண்டு வார்த்தை பேசணுமாம், தாள் இல்லாம. யாரு தலையாட்டுறது? சார் தாடையை இனிமே நம்ப முடியாது."

"வெங்கலம் நிக்கட்டும்" என்றார் கஞ்சி.

"நானா சார்? சிரிப்பு வந்துட்டா?"

"வரட்டும். நீ சிரிச்சா தெருவுக்கே கேக்கும். அதைத் தலையாட்டினதுன்னு ஒருத்தரும் நினைக்க மாட்டாங்க. சிரிக்கத் தெரியாத என்னை மாதிரி ஆளுங்கதான் ஆபத்து." காலரைச் சரிசெய்துகொண்டார். "ஏஜென்சிக்கு நானே பேசுறேன். அடுத்த வாரமும் நீ வரணும். இப்பப் போய் நில்லு, நான் வரிசையில நிக்கிறேன்."

அவர் இரண்டு ஐஸ்கிரீம் கிண்ணங்களை எடுத்துக்கொண்டு, இடது வரிசையில், அவள் விட்டுப்போன இடத்தில் போய் நின்றார்.

வெங்கலம் தூணுக்குப் பக்கத்தில் நின்றாள். வாத்தியார் தாளில்லாமல் பேசினார். ஒரு வாக்கியத்துக்கு ஒரு தடவை கூடம் அதிர்ந்தது. அவளுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அது முட்டி மோதவில்லை. வந்து, உள்ளேயே ஒரு ஓரமாக உட்கார்ந்துகொண்டது. வாத்தியார் கையெடுத்துக் கும்பிட்டார். கைதட்டல் எழுந்து, உச்சிக்குப் போய், தணியத் தொடங்கிய இடத்தில் அவள் தாடையை இறக்கினாள்.

இரண்டு கதவுகளிலிருந்தும் வந்தார்கள். இத்தனை விருந்துகளில் அந்த வரிசைக்குள் அவள் ஒரு ஆளாக இருந்திருக்கிறாள்; வெளியே நின்று பார்த்ததே இல்லை. கண்டக்டர், அக்கா, கஞ்சி, பெயர் தெரியாத மற்றவர்கள் எல்லோரும் ஒரே காலாக, ஒரே முதுகாக மேசைகளுக்கு நடுவே விரிந்து போனார்கள். கிண்ணங்கள் இறங்கின. ஒரு சத்தமில்லை. அவள் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.